மதில் கட்டுவதற்கு முன் வாய்க்காலைப் பார்ப்போம்

அன்பான ஊரவர்களுக்கு,

ஊர்க் குளத்தைத் திருத்தச் சேர்த்த காசில் சீமெந்துக் கரையும் சுற்றுமதிலும் கட்டலாம் என்று பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காசை முதலில் குளத்துக்குத் தண்ணீர் வந்துபோகும் வாய்க்காலைத் துப்புரவாக்கக் கொடுப்போம், அதுவும் புரட்டாதி முடிவதற்குள்.

நம் யாழ்ப்பாணத்து வழுக்கையாறு மலையில் பிறந்த ஆறு அல்ல. தெல்லிப்பழைப் பக்கம் பெய்கிற மாரி மழை ஒவ்வொரு குளமாக நிரப்பி வழிந்து, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று இறங்கி அராலியில் கடனீரேரியைச் சேர்கிறது. மொத்தமே ஏறக்குறைய 16 கிலோமீற்றர்தான். கோடையில் போய்ப் பார்த்தால் மாடு மேய்ந்துகொண்டு நிற்கும், ஆறென்று சொன்னால் வெளியூர்ப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனால் இந்த ஓட்டத்தை நம்பித்தான் கந்தரோடையில் இரும்புக் காலத்திலேயே ஆட்கள் குடியிருந்தார்கள். அந்த ஊரின் பெயரிலேயே ஓடை இருக்கிறது.

போன மாரியில் அக்கா வீட்டு முற்றத்தில் முழங்காலளவு வெள்ளம். மேலே ஒரு காணிக்கு மண் நிரப்பியபோது பக்கத்து வாய்க்காலும் சேர்ந்து மூடுண்டு போயிருக்கிறது. அதே ஆண்டு பங்குனியில் கீழ்க்குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது. தண்ணீர் வரவில்லை என்பதல்ல, வந்த தண்ணீருக்கு வழி இல்லை.

கிணறுகளையும் நினையுங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். குளத்தில் நிற்கிற நீர் வெடிப்புகளால் இறங்கி, அடியில் உள்ள உவர்நீருக்கு மேல் நன்னீராக மிதக்கிறது. அம்மம்மா துலாவில் இறைத்ததும் அதைத்தான், இன்று மோட்டர் இழுப்பதும் அதைத்தான். நன்னீர் குறைந்தால் உவர் மேலே ஏறும். குளத்தைச் சீமெந்தால் பூசினால் நன்னீர் இறங்கும் வழியை நாமே அடைத்தவர்களாவோம். தூர் வாரும்போதும் அடிக்கல்லை உடைக்காமல் மண்டியை மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

அராலித் தடுப்பணைக் கதவுகள் நம் கையில் இல்லை. மாரி வெள்ளத்தை விடவும் கடல்நீரை மறிக்கவும் அவை சரியாக இயங்க வேண்டும், அதற்குப் பொறுப்பான திணைக்களத்துக்கு ஊர்ச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதலாம். வாய்க்கால் அப்படியல்ல. நாலு நாள் கூலியும் ஒரு மண்வெட்டி இயந்திரமும் கிடைத்தால் செய்து முடிக்கலாம்.

உங்கள் காணிக்குப் பக்கத்தில் முன்பு மதகோ வெள்ளவாய்க்காலோ இருந்தது நினைவிருந்தால், எந்த ஒழுங்கை, எந்தப் பக்கம் என்று இந்த ஞாயிறுக்குள் எழுதுங்கள். வயதான அப்பா அம்மா இருந்தால் அவர்களைக் கேட்டு எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு படத்தில் குறித்து ஊருக்கு அனுப்பி வைக்கிறேன்.