டார்க்னஸ், டேலைட் மந்திரங்கள் மோதினால் அந்த இடம் இருட்டா, வெளிச்சமா?

பிரிக்பீல்ட்ஸ்_டிஎம்:
சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டும் கதை விளையாட்டு ஆடுகிறோம். நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்பவன். 2014 விதிப்புத்தகம், எல்லாரும் லெவல் 7. எங்கள் வார்லாக் (மந்திரவாதிப் பாத்திரம்) ஒரு கல்லில் டார்க்னஸ் என்ற இருட்டு மந்திரம் போட்டான். இந்த லெவலில் வார்லாக்கின் ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பு) 4ஆம் நிலை, குறைத்துப் போட வழியில்லை. அதனால் இந்த டார்க்னஸும் 4ஆம் நிலை. எதிரிப் பூசாரி பக்கத்திலேயே டேலைட் என்ற 3ஆம் நிலை வெளிச்ச மந்திரம் போட்டான். டேலைட் 3ஆம் நிலை வரையுள்ள இருட்டைத்தான் கலைக்கும். டார்க்னஸ் 2ஆம் நிலை வரையுள்ள வெளிச்சத்தைத்தான் அணைக்கும். ஆக இரண்டும் அப்படியே நிற்கின்றன. "பெரிய ஸ்லாட்தான் ஜெயிக்கும்" என்கிறான் வார்லாக். கீழே மாமாக் கடைக்குப் போயும் விடவில்லை, ரொட்டி ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஜார்ஜ்டவுன்_கிளெரிக்:
அண்ணே, அப்படி ஒரு பொதுவிதியே இல்லை. வலுவானது மட்டும் செல்லும் என்பது ஒரே மந்திரத்தை இரண்டு முறை போட்டால்தான். வெவ்வேறு மந்திரங்கள் என்றால் இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். டார்க்னஸ் தடுப்பது மந்திரமில்லாத வெளிச்சத்தை. டேலைட்டோ மந்திர வெளிச்சம். அதனால் உள்ளே பளிச்சென்று தெரியும். மந்திர இருட்டிலும் பார்க்கவைக்கும் டெவில்ஸ் சைட்டை நம்பி இருட்டில் நின்று அடிப்பவனுக்குக் கசக்கத்தான் செய்யும்!

பழைய_பகடை:
எழுத்துப்படி கிளெரிக் சொல்வது சரி. ஆனால் என் மேசையில் இருட்டு. வார்லாக்கிடம் ஒரு நேரத்தில் இரண்டே ஸ்லாட். அதில் ஒன்றைக் கொடுத்தும் சும்மா கிடக்கும் இருட்டா? 60 அடி வெளிச்சத்துக்கு நடுவே 15 அடி ஆரத்தில் கறுப்புக் கோளம், அவ்வளவுதான். பூசாரிக்கு வழியா இல்லை? கல்லை ஒரு சட்டியால் கவிழ்த்து மூடினாலே இருட்டு அடைபட்டுவிடும். இல்லையென்றால் வார்லாக்கை அடித்துக் கவனத்தைக் கலைக்கட்டும், மந்திரமும் நின்றுவிடும்.

பிரிக்பீல்ட்ஸ்_டிஎம்:
சட்டி யோசனை பிரமாதம், எதிரி கையில் ஒரு ஹெல்மெட் கொடுத்துவிடுகிறேன். தீர்ப்பு மட்டும் எழுத்துப்படியே, வெளிச்சம். அப்புறம் ஒன்று, பூசாரி டேலைட்டை 4ஆம் நிலை ஸ்லாட்டில் போட்டிருந்தால் இருட்டு கலைந்திருக்குமா?

ஜார்ஜ்டவுன்_கிளெரிக்:
கலையாது. அந்த "3ஆம் நிலை வரை" எந்த ஸ்லாட்டில் போட்டாலும் மாறாது. அதே ஸ்லாட்டில், மந்திரங்களைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக் போடச் சொல்லுங்கள், பகடையே உருட்டாமல் இருட்டு போய்விடும். 3ஆம் நிலையில் போட்டால் பகடை உருட்டி, கூட்டல்களோடு 14ஆவது எடுக்க வேண்டியிருக்கும்.