ஈஎம் லாக் பிடிக்கவே மாட்டேங்குது, அவசரம்

சிராங்கூன்_டியூஷன்:
கடைவீட்டு மேல்மாடியில டியூஷன் சென்டர் வெச்சிருக்கோம். நேத்துதான் ஈஎம் லாக் (கரண்ட்ல பிடிக்கிற காந்தப் பூட்டு) மாட்டினாங்க, 600 பவுண்டு விசை தாங்குற வகை. தோளால லேசா இடிச்சாலே திறந்துக்குது. திங்கள்கிழமை பிள்ளைங்க வருவாங்க. பூட்டையே மாத்தணுமா?

உபி_வயர்மேன்:
கதவு மரமா கண்ணாடியா? எந்தப் பக்கம் திறக்கும்? அடாப்டர் எத்தனை ஆம்ப்? கேபிள் எவ்வளவு நீளம்?

ஜூரோங்_அக்கா:
வோல்டேஜ் குறையுது, வேற ஒண்ணுமில்ல. 12 வோல்ட்ல இந்த லாக் சுமார் அரை ஆம்ப் இழுக்கும். அலாரத்துக்குப் போடுற மெல்லிசு ஒயரை 30 மீட்டர் இழுத்திருந்தா லாக் கிட்ட 10 வோல்ட்கூட வராது. கதவைச் சாத்திட்டு லாக் முனையிலேயே மீட்டர் வெச்சுப் பாருங்க.

பூட்டு_மூத்தவன்:
இதுக்கெல்லாம் எத்தனை தடவை எழுதுறது? தேடிப் பார்த்துட்டுக் கேளுங்க. காந்தப் பூட்டு கரண்ட் போனா திறந்துக்கும். எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக் (கதவு நிலையில இருந்து பூட்டு நாக்கைப் பிடிக்கிற மின் கொக்கி), அதுல கரண்ட் போனாலும் விடாத வகையா வாங்கியிருந்தா பூட்டியே இருக்கும்.

உபி_வயர்மேன்:
பிள்ளைங்க இருக்கிற இடம்ணே. தீப்பிடிச்சா?

பூட்டு_மூத்தவன்:
ஸ்ட்ரைக் வெளியிலிருந்து வர்றவங்களைத்தான் தடுக்கும். உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருப்பினா எப்பவும் வெளிய வரலாம். அடிப்படை தெரியாம பேசாதீங்க.

ஜூரோங்_அக்கா:
கைப்பிடியோட பூட்டு இருந்தாத்தானே அது? இவங்க கதவுல என்ன இருக்குன்னே இன்னும் தெரியல.

சிராங்கூன்_டியூஷன்:
மரக்கதவு. வெளிப்பக்கம் திறக்கும். மீட்டர் இல்ல.

காலாங்_கதவு:
கதவுல இருக்கிற இரும்புத் தகட்டைக் கையால ஆட்டிப் பாருங்க. கொஞ்சம் அசையணும். நடு போல்ட்டுல தகட்டுக்குப் பின்னாடி ரப்பர் வாஷர் வரும். அது இல்லாம இறுக்கி முடுக்கிட்டா தகடு காந்தத்துல முழுசா ஒட்டாது. முடி அளவு இடைவெளி விழுந்தாலும் பிடி போயிடும்.

இன்னொண்ணு, இதுதான் எனக்குப் பெரிய கவலை. பிரேக் கிளாஸ் (அவசரத்துல கண்ணாடியை உடைச்சுப் பூட்டை விடுவிக்கிற பெட்டி) போட்டிருக்கீங்களா? அது லாக்குக்குப் போற கரண்ட்டையே நேரா வெட்டணும், கார்டு ரீடர் போர்டு வழியா போகக் கூடாது. போர்டு கெட்டுப்போனா பிள்ளைங்க உள்ள மாட்டிக்குவாங்க. கட்டடத்துல ஃபயர் அலாரம் இருந்தா அது அடிச்சதும் லாக் விடுற மாதிரி இணைக்கச் சொல்லுங்க.

சிராங்கூன்_டியூஷன்:
தகடு அசையவே இல்ல. வாஷர் பெட்டிக்குள்ளேயே கிடந்துச்சு! போட்டாச்சு, ரெண்டு பேர் சேர்ந்து தள்ளியும் நிக்குது. பிரேக் கிளாஸ் இல்ல, எக்ஸிட் பட்டன்தான். ரொம்ப நன்றி.

காலாங்_கதவு:
பட்டன் மட்டும் போதாதுங்க. திங்களுக்குள்ள பிரேக் கிளாஸ் போட்டுடுங்க. முடியலைன்னா வகுப்பு நடக்கும்போது லாக் சுவிட்சை அணைச்சே வைங்க.

ஜூரோங்_அக்கா:
போட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க.