உசுமாகி: அனிமே தோற்றது எங்கே? (மங்கா படிக்காதவர்களுக்கு எச்சரிக்கை, கதை முழுக்கத் தெரிந்துவிடும்)

சுழிவாசகன்:
ஜுன்ஜி இட்டோ வரைந்த ‘உசுமாகி’ மங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) வைத்து எடுத்த அனிமேயை (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) ஒரு வழியாகப் பார்த்து முடித்தேன். சுருள் வடிவம் ஓர் ஊரையே சாபமாகப் பிடித்து ஆட்டும் திகில் கதை. 2019இல் அறிவித்தார்கள். 2020இல் வரும் என்றார்கள். தள்ளித் தள்ளி 2024 செப்டம்பர் 28இல்தான் முதல் எபிசோடு வந்தது. அவ்வளவு காத்திருப்புக்கும் மொத்தம் நாலே எபிசோடு.

இரண்டாவது எபிசோடிலிருந்து படத்தின் தரம் சரிந்துவிட்டது என்று எல்லோரும் திட்டுகிறார்கள். என் வழக்கு வேறு. ஊரே கொண்டாடும் முதல் எபிசோடிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது.

மங்காவில் நாயகி கிரியேயின் காதலன் ஷூயிச்சி. அவனுடைய அப்பா சுருள் பித்துப் பிடித்துப் பைத்தியமாவதற்கு இட்டோ எவ்வளவு பக்கம் செலவழிக்கிறார் பாருங்கள். முதலில் சந்தில் குந்தி உட்கார்ந்து சுவரில் ஒட்டிய நத்தையை வெறிக்கிறார். கிரியே வணக்கம் சொன்னாலும் காதில் விழவில்லை. அப்புறம் கிரியேயின் அப்பாவிடம் போய்ச் சுருள் வடிவில் மண்பாண்டம் செய்து தரச் சொல்கிறார். சூப்பில் சுருள் போட்ட மீன் துண்டு இல்லை என்று வீட்டில் சண்டை. பிறகு கண்கள் தனித்தனியே சுழல்கின்றன, நாக்கு சுருள்கிறது. கடைசியில் பக்கத்தைத் திருப்பினால் அந்த வட்ட மரத்தொட்டி. உள்ளே அவர் எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அனிமேயில் இவ்வளவும் சில நிமிடங்களில் ஓடிவிடுகிறது. பயம் செருப்பை மாட்டுவதற்குள் அடுத்த சாவு வந்துவிடுகிறது.

மசிக்கூடு:
அண்ணா, இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நான் படம் வரைகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இட்டோவின் பயம் பாதி கதையில், பாதி கோட்டில். கன்னத்தில், கழுத்தில், சுவரில் மெல்லிய குறுக்குக்கோடுகளைப் போட்டுப் போட்டு நிரப்புவார். இது அனிமேஷனுக்குப் பரம எதிரி. ஒரே முகத்தை ஆயிரக்கணக்கான முறை வரைய வேண்டியிருப்பதால், கோட்டைக் குறைப்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். 2018இல் ஸ்டூடியோ டீன் எடுத்த ‘ஜுன்ஜி இட்டோ கலெக்‌ஷன்’ அதைத்தான் செய்தது. கோட்டைக் குறைத்து வண்ணம் அடித்தார்கள். பயம் போய் பொம்மைதான் மிஞ்சியது.

‘உசுமாகி’ முதல் எபிசோடின் இயக்குநர் ஹிரோஷி நாகஹாமா எதிர்த்திசையில் போனார். ‘முஷிஷி’ அனிமே எடுத்தவர், அவசரப்படுகிற ஆள் இல்லை. நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து, அதன்மேல் இட்டோவின் கோட்டைக் கொண்டுவந்தார். முழுக்கக் கருப்பு வெள்ளை. ஷூயிச்சியின் அப்பாவைத் தகனம் செய்த புகை சுருள் சுருளாக எழும்பி ஊர்க்குளத்தில் இறங்குகிறதே, அந்த ஒரு காட்சி போதும்.

இரண்டாவது எபிசோடில் இயக்குநர் பெயரே வேறு, வேலை செய்த ஸ்டூடியோவும் வேறு. அது வெளிவந்ததும் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜேசன் டிமார்க்கோ சமூக ஊடகத்தில் எழுதியதன் சாரம் இது: ஒன்றுமே போடாமல் விடலாம், முதல் எபிசோடோடு நிறுத்தலாம், அல்லது குறையோடு நாலையும் போடலாம், நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தோம். அப்படியென்றால் தோற்றது தயாரிப்பு. முதல் எபிசோடின் மேல் ஏன் பழி?

நெய்தல்:
நான் அனிமேயை முதலில் பார்த்தேன், பிறகுதான் மங்கா படித்தேன். எனவே “எங்கள் காலத்தில்” என்கிற பாசம் எனக்கு இல்லை.

சொல்லப்போனால் மங்காவில்தான் எனக்கு இடறியது. ஒரு அத்தியாயத்தில் கிரியேயின் முடியே சுருள் சுருளாக உயிர்பெற்று அவளைப் பிடித்து ஆட்டுகிறது. வகுப்புத் தோழி சாகிறாள். அடுத்த அத்தியாயத்தில் இவள் ஒன்றுமே நடக்காத மாதிரி பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்! இன்னொன்றில் வகுப்புப் பையன் நத்தையாகிறான். அதற்கும் பள்ளிக்கூடம் கொஞ்சம் பதறுகிறது, அப்புறம் பாடம் தொடர்கிறது. அனிமே இந்தக் கதைகளைப் பின்னிவிட்டது. ஒன்று முன்னால் நடக்கும்போது இன்னொன்று பின்னால் முளைக்கிறது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அழுகுவதாகத் தெரிகிறது. நம்புவதற்கு இதுதான் எனக்கு எளிதாக இருந்தது.

சுழிவாசகன்:
நெய்தல், நீங்கள் குறை என்று காட்டுகிற இடத்தில்தான் எனக்கு முதுகு சில்லிட்டது. ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ வார இதழில் 1998-99இல் தொடராக வந்ததால் அத்தியாயத்துக்கு ஒரு கதை என்று அமைந்திருக்கலாம், சரி. ஆனால் அதனால் என்ன ஆகிறது பாருங்கள். ஒவ்வொரு கதையும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறது, ஒரு சுற்று உள்ளே தள்ளி. சுருள் என்றால் அதுதானே?

ஷூயிச்சி முதல் அத்தியாயத்திலேயே இந்த ஊரை விட்டு ஓடிவிடலாம் என்கிறான். நாமும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் “ஏன் பெண்ணே, இன்னுமா கிளம்பவில்லை?” என்று எரிச்சல்படுகிறோம். கடைசியில் அவர்கள் கிளம்பும்போது எந்த வழியில் போனாலும் ஊருக்குள்ளேயே வந்து விழுகிறார்கள். அத்தனை அத்தியாயம் அவள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனதைப் பார்த்தவனுக்குத்தான் அந்த இடம் உறைக்கும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நடப்பதுபோல் பின்னிவிட்டால் ஓட நேரமே இல்லை என்று ஆகிவிடும். ஓட நேரம் இருந்தும் ஓடவில்லை என்பதல்லவா கதை?

திண்ணைவாசி:
நடுவில் ஒரு வம்பு. இட்டோவுக்கு இந்தக் கதை தோன்றிய விதம் தெரியுமா? வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய நீள வீட்டில் வாழ்பவர்களைப் பற்றி எழுத நினைத்திருக்கிறார். அவ்வளவு நீளத்தைப் பக்கத்துக்குள் எப்படி அடக்குவது என்று யோசித்தபோது கண்ணில் பட்டது கொசுவர்த்திச் சுருள். நாம் பழங்கதை பேசினாலே “கொசுவத்தி சுத்துறான்” என்கிறோமே, அந்த மனிதர் அதே சுருளை வைத்து ஓர் ஊரையே காலி செய்துவிட்டார்.

கடைசி அத்தியாயங்களில் அந்த யோசனை அப்படியே இருக்கிறது. சூறாவளியில் புது வீடெல்லாம் இடிந்து, பழைய வரிசை வீடுகள் மட்டும் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றை நீட்டிக்கொண்டே போகிறார்கள். ஒன்றோடொன்று சேர்ந்து ஊரே ஒரு சுருளாகிறது, நடுவில் குளம். நான் இதைப் படித்த இரவு அறை மூலையில் கொசுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மறுநாளே செருகும் மெஷின் வாங்கிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த நீள வீடுகள் வளர நாளாகும். மனிதர்கள் உள்ளே நெருக்கியடித்து, உடம்பு முறுக்கிப் பின்னிப் போக நாளாகும். அனிமேயின் நாலாவது எபிசோடில் அந்தக் காலம் போனது எனக்குத் தெரியவே இல்லை. அதனால் என் ஓட்டு சுழிவாசகனுக்கு.

மசிக்கூடு:
நாலாவதை நானும் காப்பாற்ற வரவில்லை, ஐயா. ஆனால் “பக்கத்தைத் திருப்பினால்” என்று அண்ணா சொன்னாரே, அந்த வாதத்தை மட்டும் ஏற்க முடியாது. திரையில் திருப்புவதற்குப் பக்கம் இல்லைதான். தாளில் ஒலியும் இல்லையே! அனிமேவுக்கு கொலின் ஸ்டெட்சன் இசை, ‘ஹெரெடிட்டரி’ என்ற திகில் படத்துக்கு அமைத்தவர். சாக்ஸபோனை மூச்சு விடாமல் ஊதி, இசையா முனகலா என்று பிரிக்க முடியாதபடி செய்திருக்கிறார். ஷூயிச்சியின் அம்மா, காதுக்குள்ளேயும் ஒரு சுருள் இருக்கிறது என்று தெரிந்து நடுங்குகிற கதை இது. காது வழியாகப் பயமுறுத்தும் உரிமை அனிமேவுக்குத்தான் அதிகம்.

நெய்தல்:
அது நல்ல வாதம். நானும் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். பின்னியது சரி என்று இன்னமும் சொல்வேன், ஆனால் 600 பக்கத்துக்கு மேல் இருப்பதை இரண்டு மணி நேரத்துக்குள் பின்னியது சரியில்லை. அசாமி என்ற பள்ளி மாணவியின் நெற்றித் தழும்பு பிறையாக இருந்து சுழியாக வளர்ந்து அவள் கண்ணையே உள்ளே இழுக்கிறது. படிக்கும்போது அவள் மேல் முதலில் பொறாமை, பிறகு பரிதாபம், பிறகு அருவருப்பு என்று வரிசையாக வந்தது. பார்த்தபோது கடைசி ஒன்று மட்டும்தான். எட்டு எபிசோடு கிடைத்திருந்தால் நான் இந்த வழக்கில் ஜெயித்திருப்பேன்.

சுழிவாசகன்:
எட்டு இருந்தால் நான் வழக்கே போட்டிருக்க மாட்டேன். 2000இல் ஹிகுச்சின்ஸ்கி எடுத்த திரைப்படத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். மங்கா முடிவதற்குள் எடுக்கத் தொடங்கியதால் முடிவு அவர்களுடையது. படம் சுமார்தான், ஆனால் ஷூயிச்சியின் அப்பாவை நிதானமாகக் கெடுக்கத் தெரிந்திருந்தது.

மசிக்கூடு, உங்கள் இசை வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. முதல் எபிசோடை இன்று ராத்திரி மறுபடி போடுகிறேன், கண்ணை மூடிக்கொண்டு.

மசிக்கூடு:
அண்ணா, நான் இவ்வளவு நேரம் கோட்டைப் பற்றித்தானே பேசினேன்!