மறு: நொதித்தலா, மசிப்பா? கிழங்குப் பதப்படுத்தலுக்கு ஒரு சொல்

நண்பர்களே,

பெக்டினேஸ் (செல்களை ஒட்டிவைக்கும் பெக்டினைச் சிதைக்கும் நொதி) போன்ற நொதிகளைச் சேர்த்துக் கிழங்குத் திசுவைத் தளர்த்தும் வேலைக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் விவாதத்தில் 'நொதித்தல்', 'நொதி மசிப்பு' என்ற இரண்டு சொற்கள் பரிந்துரையாக வந்திருக்கின்றன. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

மரவள்ளிக்கிழங்கைத் துருவும்போது நடப்பதைப் பாருங்கள். செல்லுக்குள் இருந்த லினமாரின் என்ற சயனைடு சேர்மமும், செல்சுவரில் இருந்த, அதைச் சிதைக்கும் நொதியான லினமரேஸும் அதுவரை தனித்தனியே இருந்தவை. துருவியதும் ஒன்று கலக்கின்றன. லினமாரின் சிதைந்து கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வெளியேறுகிறது. இதற்கு நுண்ணுயிர் தேவையில்லை, கிழங்கின் சொந்த நொதியே போதும். அதே துருவலைச் சில நாள் புளிக்க வைத்தால் அது நுண்ணுயிர்களின் வேலை. இரண்டுக்கும் 'நொதித்தல்' என்றே எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? மேலை மொழிகளிலும் ஈஸ்ட்டுக்கும் நொதிக்கும் ஒரே பெயர் வழங்கிய காலம் உண்டு. அந்தக் குழப்பம் தீரத்தான் 1870களில் ஜெர்மானிய உடலியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே 'என்சைம்' என்று தனிச்சொல் படைத்தார். நாம் நுண்ணுயிர் வேலையைப் 'புளிக்கவைத்தல்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் 'மசிப்பு'. வெந்த உருளைக்கிழங்கைக் கையால் உதிர்த்தால் பொலபொலவென்று வரும். மிக்ஸியில் போட்டு ஓட்டினால் பசையாகிவிடும். முதலாவதில் செல்களை ஒட்டிவைத்திருந்த பெக்டின் இளகியதால் செல்கள் பெரும்பாலும் உடையாமல் தனித்தனியே பிரிகின்றன. இரண்டாவதில் செல்களே கிழிந்து உள்ளிருக்கும் மாவுச்சத்து வெளியே வழிகிறது. பெக்டினேஸ் செய்வது முதலாவதைப் போன்ற வேலை. அது நசுக்குவதில்லை, பிணைப்பை அறுக்கிறது. 'மசிப்பு' என்றால் மத்தும் உலக்கையும்தான் நினைவுக்கு வருகின்றன.

என் பரிந்துரை: கட்டவிழ்ப்பு. வினை 'கட்டவிழ்த்தல்', இந்த வேலைக்கான நொதிகள் 'கட்டவிழ் நொதிகள்'. 'வன்முறையைக் கட்டவிழ்த்துவிட்டனர்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே என்று சிலர் தயங்கலாம். ஆனால் மொட்டு கட்டவிழ்வதும் தமிழில் பழைய வழக்குதான், அந்த மென்மை இங்கே அப்படியே பொருந்துகிறது. செல்லுலேஸ் செல்சுவரைத் தளர்த்துவதையும் இதற்குள் அடக்கலாம். மாவுச்சத்தையே வெட்டும் அமைலேஸின் வேலையை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அதற்கு 'நீர்மமாக்கல்', 'சர்க்கரையாக்கல்' என்று ஏற்கெனவே பிரித்து எழுதுகிறோம்.

ஒரு சொல் நிற்குமா என்பது வாக்கியத்தில்தான் தெரியும். எழுதிப் பார்த்தேன்:

"மாவுச்சத்து பிழிந்த பிறகும் திப்பியில் உடையாத செல்கள் மிஞ்சும். பெக்டினேஸும் செல்லுலேஸும் சேர்த்து அதைக் கட்டவிழ்த்தால், சிக்கிய மாவுச்சத்தில் மேலும் ஒரு பகுதி கிடைக்கும். கட்டவிழ்ப்பின்போது வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அதிகம் தாண்டிப் போனால் மாவுச்சத்து கஞ்சியாகத் தொடங்கும்."

எனக்கு இடறவில்லை. உங்களுக்கு எந்த இடத்தில் இடறுகிறது என்று சொல்லுங்கள்.