ருமேனியாவில் டீ கேட்பதற்கும் பரிமாறுவதற்கும் என்னென்ன வார்த்தைகள் வேண்டும்?

கோவைப்பையன்:
பிராஷோவ் நகரத்தில் ஒரு ஹோட்டல் உணவகத்தில் பரிமாறும் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறேன். ஆப் ஒன்றில் ருமேனிய மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான், பெண் புத்தகம் படிக்கிறாள் என்றே ஓடிக்கொண்டிருக்கிறது, இதை வைத்துக்கொண்டு எந்த மேஜைக்குப் போய் நிற்பது? அதனால் ஒரே ஒரு பொருளை எடுத்து அதைச் சுற்றி வரும் பேச்சு மொத்தத்தையும் படித்துவிடலாம் என்று டீயில் ஆரம்பிக்கிறேன். டீக்கு அங்கே 'ச்சாய்' என்று தெரியும், நம்ம சாயா போல, அது மனசில் நின்றுவிட்டது. அதற்கு மேல்? வருகிறவர் என்ன சொல்வார், நான் திருப்பி என்ன கேட்க வேண்டும், லீவு நாளில் நானே வெளியே போனால் எப்படிக் கேட்பது? பால் டீ கிடைக்குமா? உச்சரிப்பைத் தமிழிலேயே எழுதினால் புண்ணியமாகப் போகும்.

தும்பிச்சிறகு:
புக்கரெஸ்டில் குடியிருக்கிறேன். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி, இங்கே ச்சாய் என்றால் தேயிலை மட்டும் இல்லை. சுடுதண்ணீரில் எந்தப் பூவை, எந்த இலையைப் போட்டாலும் ச்சாய்தான். இது காபி குடிக்கிற ஊர். வீட்டில் ஒருவர் ச்சாய் போட்டுக் குடித்தால் 'என்ன, உடம்பு சரியில்லையா?' என்று கேட்பார்கள். ஆகவே ஒருவர் 'உன் ச்சாய், வ ரோக்' (ஒரு டீ, தயவுசெய்து) என்றால் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள், 'ச்செ ஃபெல் தெ ச்சாய்?' (என்ன வகை டீ?) என்று கேட்க வேண்டும்.

அவர் சொல்லும் பதிலைப் பிடிக்க மூன்று குட்டிச் சொற்கள் போதும், நூறு பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இவை உதவும். 'தெ' வந்தால் அதனால் செய்தது, 'கு' வந்தால் அது சேர்த்தது, 'ஃபர' வந்தால் அது இல்லாமல். ச்சாய் தெ மென்த என்றால் புதினா இலையை மட்டும் போட்டது. ச்சாய் கு லமுயெ என்றால் டீயில் எலுமிச்சை. ஃபர ஸஹர் என்றால் சர்க்கரை வேண்டாம். கு மியெரெ என்றால் தேனோடு, இதைத்தான் நிறையப் பேர் கேட்பார்கள். தேயிலை டீ வேண்டும் என்பவர் ச்சாய் நெக்ரு (கறுப்பு) அல்லது ச்சாய் வெர்தெ (பச்சை) என்று சொல்வார்.

உச்சரிப்பில் ஒரு சங்கடம். லிண்டன் மரத்தின் பூவில் போடும் டீக்கு ச்சாய் தெ தெய் என்று பெயர். முதல் தெ தேவியில் வரும் ஒலி, இரண்டாவது தேங்காயில் வரும் ஒலி, நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் விழுகிறது. இந்த தெய் மரம் இங்கே தெருவெல்லாம் நிற்கும், ஜூன் மாதத்தில் பூத்தால் ஊரே மணக்கும், பூவைப் பறித்துக் காயவைத்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். யாஷ் நகரத்துக் கோபோ பூங்காவில் கவிஞர் மிஹாய் எமினெஸ்குவின் பெயரால் ஒரு தெய் மரமே இருக்கிறது, மக்கள் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தூக்கம் வரவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், உடனே தெய் குடி என்பார்கள். வயிற்றுக்கு முஷெட்ஸெல், அதாவது சாமந்தி மாதிரிச் சின்ன வெள்ளைப் பூ. சளிக்காலத்தில் மச்செஷெ, அது காட்டு ரோஜாவின் காய், நிறம் சிவப்பாக, லேசாகப் புளிக்கும். இருமலுக்குச் சர்க்கரையைக் கருக்கித் தண்ணீர் ஊற்றிச் செய்யும் ச்சாய் தெ ஸஹர் அர்ஸ் வீட்டு வைத்தியம், உங்கள் உணவகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் கூட வேலை செய்யும் அக்காமார்கள் உங்களுக்கே போட்டுக் கொடுக்கலாம்.

எண்ணிக்கையில் கவனம். ஒன்று என்றால் உன் ச்சாய், ஆண்பால் போல. இரண்டு ஆனதும் பெண்பாலாகிவிடும், தோவ ச்சாயுர். தோய் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்கள், புரிந்துகொள்வார்கள், ஆனாலும் ஆர்டரைத் திருப்பிச் சொல்லும் உங்களுக்குச் சரியாக வருவது நல்லது. நிறமும் கூடவே மாறும், தோவ ச்சாயுர் நெக்ரெ. காபி முதலிலிருந்தே பெண்பால், ஓ கஃபெயா.

ஹட்டன் தோட்டம்:
பால் டீயைப் பற்றி நான் சொல்கிறேன், இலங்கைக்காரன், இங்கே கட்டட வேலை. 2022இல் இந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து எடுக்கும் ஆட்களின் வருட அளவை ஒரு லட்சமாக வைத்த பிறகு எங்கட ஆட்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், நேபாளிகளும் அப்படித்தான், நீங்களும் தனியாக இருக்க மாட்டீர்கள். கடையில் ச்சாய் நெக்ரு கு லாப்தெ என்று கேட்டால் ஒரு கோப்பை சுடுதண்ணீர், பக்கத்தில் ஒரு ப்ளிக், அதுதான் டீ பை, சின்னக் குவளையில் பச்சைப் பால். அதை ஊற்றினால் சூடும் போய்விடும், நிறமும் போய்விடும். லாப்தெ கால்த் என்று சேர்த்துச் சொன்னால் பாலைச் சுடவைத்துத் தருவார்கள். மெனுவில் ச்சாய் லாத்தெ என்று கண்டால் ஏமாந்து போகாதீர்கள், அது கறுவாப்பட்டை வாசனையும் இனிப்பும் கலந்த பால். நல்ல தேத்தண்ணி வேண்டுமென்றால் அறையில் தானே ஊற்ற வேண்டும். தூளாக வாங்க ச்சாய் வ்ராக் என்று கேளுங்கள், இஞ்சிக்கு கிம்பிர்.

இன்னொன்று, பிராஷோவைச் சுற்றி முழுக்க மலை. மேலே ஏறினால் கபான என்று தங்குமடம் மாதிரி இருக்கும், அங்கே குளிருக்கு ச்சாய் கு ரோம் குடிப்பார்கள். ரோம் என்றால் ரம்தான். குடிப்பழக்கம் இல்லாதவர் ஃபர ரோம் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

வெள்ளைத்தாள்:
மேலே தும்பிச்சிறகு அக்கா எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள், தமிழ் வழியாகப் படியுங்கள். ஆப் எல்லாம் 'நான் டீயை விரும்புகிறேன்' என்று ஆங்கிலக் கட்டுமானத்தில் தலையில் ஏற்றுகிறது. ருமேனிய மொழி அப்படிப் பேசுவதில்லை, நம்மைப் போலவே 'எனக்கு' என்று ஆரம்பிக்கிறது. உமி ப்ளாச்செ ச்சாயுல், எனக்கு டீ பிடிக்கும். மியெ ஃப்ரிக், எனக்குக் குளிருது. மியெ ஸொம்ன், எனக்குத் தூக்கம் வருது. மியெ செத்தெ, எனக்குத் தாகம் (செத்தேன் என்று காதில் விழும், பழகிவிடும்). ஆங்கிலக்காரர் மாதக்கணக்கில் முட்டிக்கொள்ளும் இடம் நமக்கு வாய்க்கு வந்தபடி வந்துவிடும்.

ஒலியிலும் ஒரு லாபம். லமுயெ என்பதில் வரும் அந்த மு, உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டியது. அது, பத்து, நாக்கு என்று சொல்லும்போது கடைசியில் வருகிறதே குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதே ஒலி. 'உமி ப்ளாச்செ'யில் வரும் உ-வும் அப்படித்தான். வ ரோக், ஃபர என்பவற்றில் அ-வை வாயைப் பாதி திறந்து விட்டுவிடுங்கள்.

மரியாதையும் நமக்குத் தெரிந்ததுதான். முன்பின் தெரியாதவருக்கு வ ரோக், நண்பனுக்கு தெ ரோக், நீங்கள்-நீ பிரித்துப் பேசுகிற ஊரிலிருந்து வருபவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்கு எப்போதும் வ-தான், சின்னப் பையன் வந்தாலும். நீங்கள் வாங்கும்போது வ்ரெயவ் என்று நேராக 'வேணும்' போடாமல் அஷ் வ்ரெயா உன் ச்சாய், வ ரோக் என்று சொன்னால் இதமாக இருக்கும்.

ஒரு பக்கக் கதை: வயதானவர்கள் இளமைக்காலத்தில் 'ச்சாய்க்குப் போனோம்' என்று சொன்னால் டீக்கடை இல்லை. 1960, 70களில் இளைஞர்கள் யார் வீட்டிலாவது கூடிப் பாட்டுப் போட்டு ஆடும் விருந்துக்கு அந்தப் பெயர்.

கோவைப்பையன்:
அருமை, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். டீ ஆறிவிட்டது, ஸ்ட்ராங் இல்லை என்று குறை சொன்னால் எப்படிக் கேட்கும்? அப்புறம் பில், டிப்ஸ் விவகாரம்?

தும்பிச்சிறகு:
ச்சாயுல் யெ ரெச்செ, டீ ஆறிப்போச்சு. மாய் தாரெ என்றால் இன்னும் ஸ்ட்ராங்காக, ஸ்லாப் என்றால் தண்ணியாக இருக்கிறது. உடனே ஸ்குஸாட்ஸ் (மன்னிக்கவும்) சொல்லி மாற்றிக் கொடுங்கள். முடிந்ததும் மாய் தோரிட்ஸ் ச்செவா? (வேறு ஏதாவது வேண்டுமா?) என்று நீங்கள் கேட்க, அத்துத் என்றால் அவ்வளவுதான். பில் கேட்கும் சொல் நோத்தா.

டிப்ஸுக்கு பக்ஷிஷ், நம் ஊர் பழைய பக்ஷீஸேதான், பெயரைக் கேட்டு லஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஜனவரி முதல் சட்டப்படி அது நோத்தாவிலேயே இடம்பெற வேண்டும், 0 முதல் 15 சதவீதம் வரை தேர்வுகள் அச்சிட்டிருக்கும், வாடிக்கையாளர் ஒன்றைக் குறித்துக் கொடுப்பார். பணம் வரி பிடித்தபின் ஊழியர்களுக்குத்தான் போக வேண்டும், முதலாளிக்கு இல்லை. வேலையில் சேரும்போது எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள் என்று முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இராப்பணி:
நர்ஸ் என்பதால் ஒரே ஒரு வரி. ப்ளாஃபார் என்று மூலிகை டீ விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கும், அங்கே ஸுனத்வாரெ என்ற மஞ்சள் பூ டீயைக் கல்லீரலுக்கும் மனச்சோர்வுக்கும் நல்லது என்று தருவார்கள். மனச்சோர்வு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைக் குடிக்கக் கூடாது, மருந்தின் வேலையையே மாற்றிவிடும். தெய், மென்த எல்லாம் பயமில்லாமல் குடியுங்கள்.