புதுப்பிப்பு: குழந்தைக்கு முன் நகையை மீட்பதா, பணம் சேர்ப்பதா?

அடகிலிருக்கும் மனைவியின் காப்புச் சோடியை மீட்பதா, இனிப் பெறவிருக்கும் குழந்தைக்கென்று வங்கியில் பணம் போடுவதா என்று களுவாஞ்சிகுடியிலிருந்து முன்பு கேட்டிருந்தேன். நகையை மீட்டுவிட்டோம். அடகு வட்டி சேமிப்பு வட்டியை விட அதிகம் என்று பலர் எழுதியதே முடிவைத் தந்தது. அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

மனைவி மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், எத்தனையாவது பிள்ளையானாலும் சம்பளத்துடன் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. வார விடுமுறைகளும் போயா (பௌர்ணமி) நாட்களும் அதில் சேராததால், அது மூன்று மாதத்தையும் தாண்டும். எனவே பணமுடை வரக்கூடியது பிரசவ காலத்தில் அல்ல, விடுமுறை முடிந்த பிறகே. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்ததும் போலிக் அமில மாத்திரையும் கிடைத்தது.

எங்கள் பக்கத்து வழமைப்படி மாமியின் வளவிலேயே இருப்பதால் வாடகை இல்லை. ஆகவே மனைவியின் சம்பளத்தைத் தொடாமல், என்னுடையதில் மட்டும் வாழ்ந்து பார்க்கிறோம். கோயில் சடங்கு வந்த மாதத்தில் கோயில் வரி, புடவை, விருந்தாளிச் செலவு எல்லாம் சேர்ந்து செலவுக் கொப்பியின் ஒரு பக்கத்தையே நிரப்பின. அந்த மாதம் மட்டும் கணக்கு இடித்தது. அதற்கென மாதாமாதம் சிறு தொகையை இப்போது தனியாக ஒதுக்குகிறோம்.

சீட்டில் சேரச் சொன்னவர்களுக்கு: சேரவில்லை. பிள்ளை எப்போது கிடைக்கும் என்று தெரியாத நிலையில், நினைத்தவுடன் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கே எங்களுக்குப் பொருத்தமாகப்படுகிறது.