நமது மலை ஏற்றத்துக்கு ஐதரசன் பஸ் ஒத்துவருமா?

கொட்டகலை ஆசிரியை:
காலையில் ஹட்டன் வீதியில் பழைய டீசல் பஸ் முதல் கியரில் முக்கி ஏறும்போது, ஓரமாக நடந்து வரும் என் மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். வெள்ளைச் சீருடையில் கரி படிகிறது. பார்க்கப் பொறுக்கவில்லை. 2003இல் தொடங்கிய ஐரோப்பியத் திட்டமொன்றில் லண்டன், ஹம்பர்க், மட்ரிட் உட்பட ஒன்பது நகரங்களில் 27 ஐதரசன் பஸ்களை ஓட்டிப் பார்த்தார்களாம். புகைக்குழாயில் நீராவிதான் வருமாம். நமது மலைக்கு அவை இழுக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற டிப்போ மெக்கானிக்:
டீச்சர், தாராளமாக இழுக்கும். சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார். எரிபொருள் கலத்தில் ஐதரசன் எரிவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மின்சாரம் தருகிறது. மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை உண்டு. கிளச் கருகும் தொல்லையும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். ஆட்களோடு 15 தொன் எடையுள்ள பஸ்ஸை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 56 அலகு மின்சாரம் வேண்டும். ஒரு கிலோ ஐதரசனில் 33 அலகு சக்தி இருக்கிறது. கலம் அதில் பாதியைத்தான் மின்சாரமாகத் தரும். ஆக, ஏற்றத்துக்கே மூன்றரைக் கிலோ போய்விடும். வீதி உராய்வுக்கு வேறு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இறக்கத்தைப் பற்றி. கண்டி - நுவரெலியா வீதியில் றம்பொடையில் இறங்கி வந்த பஸ்ஸின் சக்கரத்தருகே குனிந்தால் பிரேக் கருகிய வாடை முகத்தில் அடிக்கும். மின்மோட்டார் இறக்கத்தில் மின்பிறப்பாக்கியாக மாறி வேகத்தைப் பிடிக்கும், பற்றரிக்கும் மின்சாரம் சேர்க்கும். ஆனால் ஐதரசன் பஸ்களில் பெரும்பாலும் சிறிய பற்றரிதான். அது பாதி இறக்கத்திலேயே நிறைந்துவிட்டால் மறுபடி பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். சமதரை நகரத்துக்குச் செய்த பஸ்ஸை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது.

பேராதனை மாணவன்:
ஐயா சொல்வது சரி. ஆனால் வாயு எங்கிருந்து வரும்? நீரை மின்பகுத்து ஒரு கிலோ ஐதரசன் எடுக்க 50 அலகுக்கு மேல் செலவாகும். மோட்டாருக்குத் திரும்பக் கிடைப்பது 16 அலகளவில்தான். அதே மின்சாரத்தைப் பற்றரி பஸ்ஸுக்கு ஏற்றினால் பெரும்பகுதி சக்கரத்துக்கே போய்ச் சேரும். கனடாவின் விஸ்லர் மலை நகரில் 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்காக 20 ஐதரசன் பஸ்கள் விட்டார்கள். வாயுவோ நாட்டின் மறுகோடியான கியூபெக்கிலிருந்து லொறியில் வந்தது. 2014இல் நிறுத்திவிட்டார்கள். பிரான்சின் மொன்பெலியே நகரம் 51 பஸ்களுக்கான திட்டத்தை 2022இல் செலவு கருதியே கைவிட்டது. கடுகண்ணாவை ஏற்றத்தில் நாமும் வாயு லொறிகளை ஏற்றப்போகிறோமா?

கொட்டகலை ஆசிரியை:
தம்பி, அந்த லொறிக் கதை எனக்குத் தெரியாது. நன்றி. ஆனாலும் 2022இல் டீசல் இல்லாமல் பாடசாலைகளை மூடியதை மறக்க முடியவில்லை. லக்சபான நீர்மின்சாரம் நம் பக்கத்திலேயே பிறக்கிறது. ஐயா, பற்றரி பஸ் என்றாலும் இறக்கத்தில் அதே பிரச்சினை வருமா?

ஓய்வுபெற்ற டிப்போ மெக்கானிக்:
பற்றரி பெரிது என்பதால் குறையும். ஆனால் உச்சியில் பற்றரியை முழுக்க மின்னேற்றிவிட்டு பஸ்ஸை இறக்கினால் வரும். பற்றரியில் கொஞ்சம் இடம் விட்டே மின்னேற்ற வேண்டும். எந்தப் பஸ் வந்தாலும் மழைக்காலத்தில், பாடசாலை விடும் நேரத்தில், ஆட்களை நிறைத்து றம்பொடையில் ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.